குடை வரைய ஒரு டேப்லெட்

பிப்ரவரி 4

அன்புள்ள சுண்டு,

நாங்கள் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் இந்நேரம் அம்மா போன் போட்டு ஊரைக் கூட்டியிருப்பாள்.

இந்தக் கடிதத்தை உங்கள் அச்சகத்து வேன்கார அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். உன் மாமா வேலை பார்க்கிற சோப்புக் கம்பெனிக்கு வாரம் இரண்டு முறை லேபிள் கட்டுகளை இறக்க வருகிறார். திரும்பும்போது வண்டி காலிதானே. போனில் சொல்லலாம். ஆனால் நான் போனை எடுத்தால் குட்டி மடியில் ஏறிக்கொள்கிறாள், உன் மாமா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதை நீட்டுகிறார். எனக்குச் சொல்ல வேண்டியது அவர்கள் கேட்கக் கூடாத விஷயம். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதிப்பாளர் அம்மாவிடமிருந்து கதை வந்துவிட்டது. புத்தகம் அச்சடிக்க உங்களிடம் வருகிறவரிடம் நீ "எங்க அக்கா நல்லா வரைவா" என்று போகிற போக்கில் சொன்னாய், அவர் நிஜமாகவே நம்பிவிட்டார். பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு குடை, கடைசி நிறுத்தத்தில் இறங்கித் தன் வீட்டைத் தேடி நடந்து வருகிறது. அதுதான் கதை. இருபத்து நான்கு பக்கம். மார்ச் பதினைந்துக்குள் மாதிரிக்கு இரண்டு படம் அனுப்ப வேண்டும். பிடித்தால் முழுப் புத்தகமும் எனக்கு. குட்டி பிறந்ததும் விளம்பர ஆபீஸ் வேலையை விட்டு ஆறு வருஷமாகிறது. அதற்குப் பிறகு என்னை "நீங்க ஆர்ட்டிஸ்ட்தானே" என்று கேட்ட முதல் மனுஷி அவர்தான். இதையும் கோட்டை விட்டால் இன்னொரு வாய்ப்பு வராது, சுண்டு. எனக்குத் தெரியும்.

வீட்டில் கணினி இருக்கிறது, மவுஸ் இருக்கிறது. மவுஸால் குடை வரைவது சோப்புக் கட்டியால் கையெழுத்துப் போடுவது மாதிரி. பேனாவால் வரைகிற டேப்லெட் ஒன்று வாங்க வேண்டும். இங்கே இருக்கிற கடையில் கீபோர்டும் போன் உறையும்தான். உன் தெருமுனையில் இருக்கிற பெரிய கடையில் வரைந்து பார்க்கவே வெளியே வைத்திருக்கிறார்களாமே. நீ போய் ஒவ்வொன்றிலும் ஒரே குடையை வரைந்து, அதை உங்கள் அச்சகத்தில் மாதிரி அச்செடுக்கிற புரூஃப் மெஷினில் நல்ல காகிதத்தில் அடித்து எனக்கு அனுப்பு. போன் திரையில் எல்லாக் கோடும் அழகாகத்தான் தெரியும். காகிதத்தில்தான் குட்டு வெளிப்படும்.

நீ வரைவதை விட்டு எட்டு வருஷம், தெரியும். எனக்குப் படம் வேண்டாம், கோடு போதும்.

உன் அக்கா

&nbsp;

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டிக்கு முத்தம். மாமாவைக் கேட்டதாகச் சொல். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான், அதைப் பற்றிய பேச்சு மட்டும் கூடியிருக்கிறது.

சனிக்கிழமை போனேன். டேப்லெட்டுகளை எல்லாம் ஒரு நீள மேசையில் கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள், ஓடிவிடும் என்று பயம் போல. திரை இல்லாதவை மூன்றில் வரைந்தேன். கை மேசையில், கண் கணினியில். இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. முதல் குடையைப் பார்த்துவிட்டுக் கடை மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார்.

"காளானா மேடம்?"

"குடைங்க."

"ஓ... நனைஞ்ச குடை."

மனுஷன் நல்லவர். நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

முதலாவது கையகலம்தான். மணிக்கட்டு மட்டும் அசைகிறது, கொஞ்ச நேரத்தில் வலிக்கிறது. இரண்டாவது அதைப் போல இரண்டு மடங்கு. முழங்கை வரை தாராளமாகப் போய்வருகிறது, பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கிறது, விட்டால் மெலிகிறது. மூன்றாவதில் மேல்பரப்பு வழவழ என்றிருக்கிறது, பேனா எண்ணெயில் ஓடுகிற மாதிரி வழுக்குகிறது. மூன்று தாளும் இதோடு இருக்கின்றன. பின்பக்கம் எண் போட்டிருக்கிறேன்.

என் ஓட்டு இரண்டாவதுக்கு. அதை வாங்கி உட்கார்ந்து வரை அக்கா. நாள் முழுக்க நான் போன மாசத்துப் பச்சையும் இந்த மாசத்துப் பச்சையும் ஒன்றா என்று சோப்பு லேபிளை உற்றுப் பார்க்கிறவள். உன் பெயர் போட்ட புத்தகம் ஒன்று எங்கள் மெஷினில் ஓட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

அன்புடன்,
சுண்டு

&nbsp;

பிப்ரவரி 14

அன்புள்ள சுண்டு,

தாள்கள் வந்தன. உன் மாமாவின் பூதக்கண்ணாடியை வைத்து மூன்றையும் பார்த்தேன். இரண்டாவதில் குடையின் இடது ஓரத்தில் கோடு லேசாக நடுங்குகிறதே, அது டேப்லெட்டின் கோளாறா, உன் கையின் கோளாறா? இது தெரியாமல் எப்படி முடிவு செய்வது?

அதோடு மேசை. நம் கணினி ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது பெரியதென்றால் கீபோர்டை எங்கே வைப்பேன், மடியிலா? சின்னது வாங்கலாமென்றால் நீ மணிக்கட்டு வலி என்கிறாய். இணையத்தில் ஒருத்தி சின்னதுதான் உத்தமம் என்கிறாள். அவளுக்கு அடுத்த வீடியோவில் ஒருவர் சின்னதை வாங்கினால் ஜென்மத்துக்கும் கை உருப்படாது என்கிறார். இதுவரை நாற்பத்தொரு வீடியோ பார்த்திருக்கிறேன். குட்டிகூட இப்போது பேனா அழுத்தத்துக்கு "பிரெஷர் லெவல்" என்கிறாள்.

உன் மாமா சாப்பிடும்போது சொன்னார்: "ஏதாவது ஒண்ணை வாங்கேன், வரையறது நீதானே." இவருக்கு எல்லாம் லேசு. சட்டை எடுக்கப் போனால் முதல் அலமாரியிலேயே முடித்துக்கொண்டு வருகிறவர்.

திரை உள்ளதுதான் எனக்குச் சரி என்று தோன்றுகிறது. கை இருக்கும் இடத்திலேயே கோடு விழும். ஆறு வருஷம் சும்மா இருந்த கைக்கு அந்தச் சலுகையாவது வேண்டாமா? திரை உள்ளவற்றிலும் வரைந்து அனுப்பு. பேனா முனைக்கும் கோட்டுக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறதா, திரை சுடுகிறதா என்று பார். அதே குடை. மாற்றிவிடாதே.

உன் அக்கா

&nbsp;

பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அப்பா மாமாவிடம் மூன்றே மூன்று கேள்விதான் கேட்டார். அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே கடைக்குப் போனேன்.

நடுங்கியது என் கைதான். டேப்லெட்டின் மேல் பழி போடாதே.

திரை உள்ளவை இரண்டு. நான்காவதில் பேனா வைத்த இடத்தில் கோடு. இடைவெளி என்று ஒன்று இருந்தால் அது என் கண்ணுக்குத் தெரியவில்லை. மேல்பரப்பு சற்றுச் சொரசொரப்பு, காகிதம் போலவே ஒரு சின்னச் சத்தம் வருகிறது. அரை மணி கழித்து மேல் மூலையில் இளஞ்சூடு, அவ்வளவுதான். ஐந்தாவது இன்னும் பெரியது. அதை வைத்தால் நீயும் குட்டியும் ஃப்ரிட்ஜுக்குள் குடியேற வேண்டியதுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். நான்காவதில் வரையும்போது குடையை மாற்றிவிட்டேன். வேண்டுமென்றே இல்லை. கம்பி ஒன்று கோணலாக விழுந்தது. அழிக்கப் போனேன், அப்போது அது காலை இழுத்து இழுத்து நடக்கிற மாதிரி தெரிந்தது. பஸ்ஸில் இருந்து குதித்ததில் அடிபட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பக்கத்தில் ஒரு சாலை போட்டேன். சாலை போட்டதும் விளக்குக் கம்பம் இல்லாமல் நன்றாக இல்லை. அந்தக் கம்பத்தடியில் ஒரு நாய் படுத்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஒன்றரை மணி நேரம் ஓடிப்போயிருந்தது, மேனேஜர் காபி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அது ஆறிக் கிடக்கிறது. கோடு பார்க்கத்தானே கேட்டாய், மன்னித்துக்கொள்.

நான்காவதை வாங்கு. இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. ஒரு டேப்லெட்டும் வராவிட்டாலும் பென்சில் இருக்கிறதே, காகிதத்திலாவது ஏதாவது வரைந்தாயா?

அன்புடன்,
சுண்டு

&nbsp;

மார்ச் 1

அன்புள்ள சுண்டு,

காகிதத்தில் வரைந்தால் கை அதற்குப் பழகிவிடும், பிறகு டேப்லெட்டில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால்தான் தொடவில்லை. நீ உடனே முகத்தைச் சுளிப்பாய், தெரியும்.

நான்காவது தாளைப் பார்த்தேன். கோடு சுத்தமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குடை எங்காவது நொண்டுமா? அதற்குக் காலா இருக்கிறது? அந்த நாயும் அதிகப்படி. நீ இப்படி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி வரைந்தால் நான் எதை எதோடு ஒப்பிடுவது? குட்டி என்னடா என்றால் அதைப் பிடுங்கிக்கொண்டு போய் ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டாள். நான் கண்ணாடி வைத்துப் பார்க்க இப்போது நின்றுகொண்டே பார்க்க வேண்டியிருக்கிறது.

சில சந்தேகங்கள். நான்காவதில் பொத்தான்கள் இடது பக்கமா, வலது பக்கமா? கணினிக்கு எத்தனை வயர் போகிறது? நம் கணினி பழசு, அதன் மென்பொருளை ஏற்காமல் முரண்டு பிடித்தால்? பேனா முனை தேய்ந்தால் மாற்று முனை இங்கே எங்கே கிடைக்கும்? அடுத்த மாசம் புது மாடல் வருகிறது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அது வரும்வரை பொறுத்தால் என்ன?

பதிப்பாளர் அம்மாவிடம் இன்னும் பதினைந்து நாள் கேட்க முடியுமா? எனக்கு ஜுரம் என்று சொல்லேன். நான் அவருக்கு போன் பண்ணினால் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

ராத்திரி படுத்தால் நெஞ்சுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறது. எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன், கணினியைப் பார்க்கிறேன், வந்து படுக்கிறேன். நீ சிரிக்காதே.

உன் அக்கா

&nbsp;

மார்ச் 8

அக்கா,

உட்கார்ந்து படி. குட்டியை மாமாவிடம் விட்டுவிட்டுப் படி.

செவ்வாய்க்கிழமை பதிப்பாளர் அம்மா வேறொரு புத்தகத்தின் அட்டையைப் பார்க்க வந்திருந்தார். நான் நிறம் சரிபார்க்கிற மேசையில், நான்காவது குடையின் இன்னொரு பிரதி கிடந்தது. உனக்கு ஒன்று அடித்தபோது எனக்கும் ஒன்று அடித்து வைத்திருந்தேன். அவர் அட்டையை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய்விட்டார்.

"உங்க அக்காவா?" என்று கேட்டார்.

உன் ஜுரத்தைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் அக்கா. சத்தியமாக. ஆனால் அவர் அதற்குள் "இந்தக் குடைக்குக் கால் வலிக்குதும்மா. பாவம், இன்னும் எவ்வளவு தூரம் போகணுமோ" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொரு படமெல்லாம் வேண்டாம். முழுப் புத்தகத்தையும் ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்று தாளைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அது எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே தெரியவில்லை.

சொல்லியிருந்தால் உன் வாய்ப்பு போயிருக்கும் என்று பயந்தேன். முதலில் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் இன்னொன்றும் இருந்தது. நாம் இரண்டு பேரும் ஒரே ஓவிய வகுப்பில் படித்தபோது என்னை எல்லாரும் உன் ஜெராக்ஸ் என்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதனால்தான் விட்டேன். இப்போது ஒருத்தர் என் படத்தைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அந்த இரண்டு நிமிஷத்தை நான் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை. இது தப்புதான்.

நான்காவதை வாங்கிவிட்டேன். இதே வேனில் வருகிறது. பொத்தான் இரண்டு பக்கமும் மாற்றிக்கொள்ளலாம், ஒரே வயர், மாற்று முனை பத்து பெட்டியிலேயே இருக்கிறது, பழைய கணினியிலும் ஓடும் என்று மேனேஜர் போட்டுக் காட்டினார். நீ வரை. உனக்கு வேண்டாமென்றால் சொல், அவரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

சுண்டு

&nbsp;

மார்ச் 11

சுண்டு,

பெட்டி வந்தது.

உன்னை என்ன செய்தால் தகும் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். பாத்திரத்தை எல்லாம் சத்தமாகக் கழுவுகிறேன். "என்ன ஆச்சு?" என்று உன் மாமா கேட்டார், "ஒண்ணும் ஆகல" என்றேன், அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

யாரிடமும் ஒன்றும் சொல்லாதே. ஒரு படம்தானே. நான் உனக்குக் கற்றுக்கொடுத்த கோடுதானே அது. மீதி இருபத்து மூன்று பக்கத்தையும் நான் அதே மாதிரி போட்டுவிட்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? எனக்குப் பத்து நாள் கொடு. அந்த அம்மா கேட்டால் அக்கா வரைந்துகொண்டிருக்கிறாள் என்று சொல். அது பொய்யில்லை. இந்தக் கடிதத்தை முடித்ததும் உட்காரப் போகிறேன்.

அக்கா

&nbsp;

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வேன் வந்து போய்விட்டது, உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. வேன்கார அண்ணன், "அக்கா வாசல்ல வந்து நின்னாங்க, ஒண்ணும் குடுக்கல, உள்ள போயிட்டாங்க" என்றார்.

பதிப்பாளர் அம்மா நேற்று போன் பண்ணினார். நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். வைத்துவிட்டுப் பார்த்தால் அரை மணி நேரம் ஒரே லேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பச்சையும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமையும் நான் அந்தக் கடைக்குப் போனேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. மேனேஜர் "இப்ப எதுக்கு மேடம் பாக்கறீங்க?" என்று கேட்டார். "சும்மா" என்றேன். அவர் நாற்காலியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். குடை மழைக்கு ஒரு கடை வாசலில் ஒதுங்குகிற இடம் கதையில் வருமே, அதை வரைந்தேன். பயப்படாதே, வரைந்துவிட்டு அழித்துவிட்டேன். அச்சடிக்கவில்லை.

ஒரு வரி எழுது அக்கா. திட்டியாவது எழுது.

சுண்டு

&nbsp;

மார்ச் 25

அன்புள்ள சுண்டு,

ஒரு வரி போதாது. குட்டியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, கணினி மேசையில் டேப்லெட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் டேப்லெட்டைப் பற்றி. அதில் ஒரு குறையும் இல்லை. கோடு நினைத்த இடத்தில் விழுகிறது, திரை சுடவில்லை, கணினி முரண்டு பிடிக்கவில்லை, மேசையில் அளந்து செய்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. மூன்று நாள் தேடியும் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஐந்து வாரமாக நான் டேப்லெட் தேடவில்லை சுண்டு. வரையாமல் இருக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். நீ ஒவ்வொரு காரணமாக அடைத்துக்கொண்டே வந்தாய், நான் அடுத்ததைத் திறந்துகொண்டே போனேன்.

அதற்குப் பிறகு வரைந்தேன். பத்து நாளில் அறுபது எழுபது குடை இருக்கும். அழகான குடைகள். கம்பிகள் எல்லாம் ஒரே அளவு, துணியின் மடிப்பு சரியாக விழுகிறது. கடையில் விற்க வைக்கலாம். ஆனால் ஒன்றுகூட எங்கேயும் போகவில்லை, அப்படியே நிற்கிறது. சரி, உன்னுடையதைப் பார்த்துக் கம்பியைக் கோணலாக்கினேன். உடைந்த குடையாகத்தான் வந்தது. ஃப்ரிட்ஜில் இருந்ததைப் பிய்த்து எடுத்து, திரையில் வைத்து, அதன் மேலேயே கோடு போட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் செய்தேன். குட்டி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்கு வலிக்கல" என்றாள். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. பிறகு குளியலறைக்குப் போய் அழுதேன்.

உன் கோட்டைத்தான் நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எங்கே நடுங்குகிறது, எங்கே தடிக்கிறது என்று. படத்தை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அந்த அம்மா ஜன்னலுக்குப் போய் அதைத்தான் பார்த்திருக்கிறார்.

நேற்றுக் காலையில் அவருக்கு நானே போன் பண்ணினேன். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று பேசினேன். "அந்தப் படம் என்னுதில்லைங்க. என் தங்கச்சி வரைஞ்சது. உங்க முன்னாடி நின்னாளே, அவதான்" என்றேன். அவர், "நீங்க வரைஞ்சது ஏதாவது இருந்தா அனுப்புங்க, பாக்கறேன்" என்றார். நல்ல மனுஷி. இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். "உங்களுக்கு வருத்தமில்லையா?" என்று கேட்டார். இருக்கு என்றேன்.

உன்னிடம் மட்டும் முழுசாகச் சொல்கிறேன். பொறாமையாக இருக்கிறது. வயிறு எரிகிறது. எட்டு வருஷம் பேனாவைத் தொடாதவள் கடையில் கம்பி போட்டுக் கட்டிய டேப்லெட்டில் போகிற போக்கில் வரைந்ததை, நான் வீட்டில் ஆற அமர உட்கார்ந்து பத்து நாளில் தொட முடியவில்லை. உன்மேல் கோபமும் போகவில்லை. அவர் கேட்டபோதே நீ வாயைத் திறந்து "என்னுது" என்று சொல்லியிருந்தால் எனக்கு இந்தப் பத்து நாள் மிச்சமாகியிருக்கும். உன்னை ஜெராக்ஸ் என்று முதலில் சொன்னது யார் என்று உனக்கு மறந்திருக்கலாம். நான்தான். விளையாட்டுக்குச் சொன்னேன், எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள், நான் தடுக்கவில்லை.

புத்தகத்தை நீ வரைவாயா என்று கேட்க வியாழக்கிழமை அவர் அச்சகத்துக்கு வருகிறார். அக்காவைக் கேட்க வேண்டும், அக்கா மனசு நோகும் என்று அவரிடம் ஒன்றும் இழுக்காதே. கேட்டாகிவிட்டது, நொந்தாகிவிட்டது. டேப்லெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்து இதே வேனில் அனுப்புகிறேன். மாற்று முனையில் ஒன்று குறையும், நான் அழுத்தி அழுத்திப் போட்டதில் தேய்ந்துவிட்டது.

ஒரே ஒரு விஷயம் கேட்பேன். மாட்டேன் என்று சொல்லாதே. இருபத்து நான்கு பக்கத்தில் ஒன்றைக்கூட எனக்கு அனுப்பாதே. அனுப்பினால் நான் பார்ப்பேன், பார்த்தால் குறை சொல்வேன். அந்த நாய் அதிகப்படி, குடை எங்காவது நொண்டுமா என்று ஆரம்பித்துவிடுவேன். நீ உடனே எல்லாவற்றையும் திருத்திவிடுவாய். எனக்கு என்னைத் தெரியும், உன்னை அதைவிட நன்றாகத் தெரியும். புத்தகமாக வந்த பிறகு ஒரு பிரதி குட்டியின் பெயருக்கு அனுப்பு. அவள் படித்துக் காட்டும்போது நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை கடிதமும் வேண்டாம். இதற்குப் பதில் எழுதுகிற நேரத்தில் நீ ஒரு சாலையோ நாயோ போட்டுவிடலாம்.

உன் அக்கா